வீட்டில் கட்டிய ஃபோனோ ப்ரீஆம்ப் ஹம் அடித்தால்: ஐசியைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். என்இ5532 ஐசி வைத்து டாட் போர்டில் ஒரு ஃபோனோ ப்ரீஆம்ப், அதாவது இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் சர்க்யூட், கட்டியிருக்கிறீர்கள். ஊசியைத் தாங்கி சிக்னல் தரும் கார்ட்ரிட்ஜ் ஆடியோ-டெக்னிகா ஏடி-விஎம்95இ. பாட்டு வருகிறது. ஆனால் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினாலே 'ம்ம்ம்' என்று ஹம், வலது பக்கம் சத்தம் குறைவு, பாடுபவரின் 'ச', 'ஸ' எல்லாம் காதில் குத்துகிறது. விலை கூடிய எல்எம்4562 வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். இந்த மூன்று குறைகளுக்கும் ஐசி காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. என்இ5532 பல பத்தாண்டுகளாக ஸ்டுடியோ மிக்சர்களிலேயே உழைத்த ஐசி. உங்களுடையது போன்ற மூவிங் மேக்னெட் (காந்தம் அசையும்) கார்ட்ரிட்ஜுக்கு இன்றும் நல்ல தேர்வு. எல்எம்4562 போட்டால் உங்கள் கார்ட்ரிட்ஜோடு 'ஸ்ஸ்' என்ற ஹிஸ் குறையாது, கூடத்தான் செய்யும். ஏன் என்று பின்னால் கணக்கோடு சொல்கிறேன். ஃபோனோ ப்ரீஆம்ப் நன்றாக அமைவதும் கெடுவதும் எர்த் வயர் ஓடும் பாதையிலும், இன்புட்டில் சேரும் கெப்பாசிட்டன்ஸிலும், பாஸ், ட்ரெபிள் அளவைச் சரிசெய்யும் ஆர்ஐஏஏ கண்டென்சர்களின் துல்லியத்திலும்தான். அங்கே தேடுவோம்.

முதலில் இந்த சர்க்யூட் ஏன் இவ்வளவு எளிதாக ஹம்மைப் பிடித்துக்கொள்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. இசைத்தட்டில் பாஸை உள்ளபடியே வெட்டினால் பள்ளம் பக்கவாட்டில் அதிகம் அலையும், ஒரு பக்கத்தில் அடங்கும் நிமிடங்கள் குறையும். ட்ரெபிளை உள்ளபடியே வெட்டினால் தட்டின் உராய்வுச் சத்தத்தில் அது அமுங்கிப்போகும். அதனால் வெட்டும்போதே பாஸைக் குறைத்து, ட்ரெபிளைக் கூட்டி வெட்டுகிறார்கள். கேட்கும்போது அதை நாம் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். ஒரு காலத்தில் கம்பெனிக்குக் கம்பெனி இந்த வளைவு வேறுபட்டது. 1954-இல் அமெரிக்க ரெக்கார்டிங் கம்பெனிகளின் சங்கமான ஆர்ஐஏஏ ஒரே வளைவை ஏற்றது, மற்ற நாடுகளும் அதன் வழியே வந்தன. அந்த வளைவை 3180, 318, 75 மைக்ரோசெகண்ட் என்ற மூன்று டைம் கான்ஸ்டன்ட்கள் தீர்மானிக்கின்றன. ஃப்ரீக்வென்சியில் சொன்னால் 50, 500, 2122 ஹெர்ட்ஸ்.

1 கிலோஹெர்ட்ஸை 0 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால், ப்ரீஆம்ப் 20 ஹெர்ட்ஸில் 19.3 டெசிபெல் கூடுதலாகவும், 20 கிலோஹெர்ட்ஸில் 19.6 டெசிபெல் குறைவாகவும் பெருக்க வேண்டும். நம் வீட்டு மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ். அந்த இடத்தில் 17 டெசிபெல் கூடுதல், அதாவது ஏழு மடங்கு. 1 கிலோஹெர்ட்ஸை 100 மடங்கு பெருக்கும் ப்ரீஆம்ப் 50 ஹெர்ட்ஸை 700 மடங்கு பெருக்கும். இன்புட்டில் வெறும் 10 மைக்ரோவோல்ட் ஹம் ஏறினால் அவுட்புட்டில் அது 7 மில்லிவோல்ட். பெருக்கும் முன் உங்கள் கார்ட்ரிட்ஜ் தருவதே சுமார் 4 மில்லிவோல்ட்தான். சாதாரண ஆடியோ ஆம்ப்ளிஃபயரில் காதுக்கே எட்டாத எர்த் கோளாறு இங்கே அறை முழுக்கக் கேட்பது இதனால்தான்.

உங்கள் சர்க்யூட் படத்தில் உள்ள மதிப்புகளை நான் பரிந்துரைக்கும் மதிப்புகளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இன்புட் சாக்கெட்டிலிருந்து 47 கிலோ ஓம் எர்த்துக்கு. அங்கிருந்து 100 ஓம் வழியாக ஐசியின் 3-ஆம் பின்னுக்கு. 1-ஆம் பின்னிலிருந்து 2-ஆம் பின்னுக்கு வரும் ஃபீட்பேக்கில் இரண்டு ஜோடிகள் சீரிஸில் இருக்கும். முதல் ஜோடியில் 87.6 கிலோ ஓமும் 36.3 நானோஃபாரடும் பேரலலாக, இரண்டாவது ஜோடியில் 7.5 கிலோ ஓமும் 10 நானோஃபாரடும் பேரலலாக. 87.6 என்று ரெசிஸ்டர் தேட வேண்டாம், 82 கிலோவும் 5.6 கிலோவும் சீரிஸில் போட்டால் ஆயிற்று. அதேபோல 33 நானோவும் 3.3 நானோவும் பேரலலில் 36.3. 2-ஆம் பின்னிலிருந்து 100 ஓம், அதன் சீரிஸில் 220 மைக்ரோஃபாரட், பிறகு எர்த். அவுட்புட்டில் ஒரு 10 மைக்ரோஃபாரட், ஒரு 100 ஓம், சாக்கெட்டில் 100 கிலோ ஓம் எர்த்துக்கு. ஐசியின் மறுபாதியில் 5, 6, 7-ஆம் பின்களில் இதையே மற்ற சேனலுக்குப் போட வேண்டும்.

இதில் 87.6 கிலோவை 36.3 நானோவால் பெருக்கிப் பாருங்கள், 3180 மைக்ரோசெகண்ட் வரும். 7.5 கிலோவை 10 நானோவால் பெருக்கினால் 75. இரண்டு ஜோடிகளும் சேர்ந்து இடையில் உள்ள 318-ஐ அமைக்கின்றன. நம் மதிப்புகளில் அது கிட்டத்தட்ட 320 வரும், காதுக்கு வித்தியாசமே தெரியாது. 1 கிலோஹெர்ட்ஸில் பெருக்கம் 97 மடங்குக்குச் சற்று மேல், அதாவது 40 டெசிபெலுக்குக் கொஞ்சம் கீழே. உங்கள் படத்தில் வேறு மதிப்புகள் இருந்தாலும் இந்தப் பெருக்கல் கணக்கு ஒத்துவர வேண்டும். வராவிட்டால் அந்தப் படத்தை நம்பாதீர்கள்.

சால்டரிங் அயர்னை எடுப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை இன்புட் எர்த்தில் பிடியுங்கள். 8-ஆம் பின்னில் +15, 4-ஆம் பின்னில் −15 இருக்க வேண்டும். 1-ஆம் பின்னிலும் 7-ஆம் பின்னிலும் பூஜ்யத்தை ஒட்டி, அதிகபட்சம் சில பத்து மில்லிவோல்ட் இருக்கலாம். 5532-இன் இன்புட் பயஸ் கரண்ட் 200 நானோஆம்பியர் அளவில் உள்ளதால் கொஞ்சம் ஆஃப்செட் வருவது இயல்பு. ஒரு பின் 13, 14 வோல்ட்டில் போய் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் 47 கிலோ எர்த்தைத் தொடவில்லை, அல்லது ஃபீட்பேக் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது 2-ம் 3-ம் இடம் மாறியிருக்கின்றன. அந்த 220 மைக்ரோஃபாரட் ஷார்ட் ஆகியிருந்தாலும் இதுபோலப் பல வோல்ட் வரலாம், ஏனென்றால் டிசிக்கும் பெருக்கம் 950 மடங்காகிவிடும்.

−15 வரவேயில்லை என்றால் அதைத் தரும் ரெகுலேட்டரான 7915-இன் கால்களைப் பாருங்கள். +15 தரும் 7815-இல் இடமிருந்து இன்புட், எர்த், அவுட்புட். 7915-இல் எர்த், இன்புட், அவுட்புட். இரண்டையும் ஒரே மாதிரி போட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. 7915-இன் உலோக முதுகு எர்த் அல்ல, அது மைனஸ் இன்புட்டோடு சேர்ந்தது. இரண்டையும் ஒரே ஹீட்சிங்கில் மைக்கா இல்லாமல் திருகினால் சப்ளை நேரடியாக ஷார்ட்.

ஐசியைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு சரி. விரல் வைக்க முடியாத சூடு என்றால் அது கேட்காத ஃப்ரீக்வென்சியில் ஆசிலேட் ஆகிறது, அதாவது தானாகவே அதிர்கிறது. 8-ஆம் பின்னுக்கும் 4-ஆம் பின்னுக்கும் நேராக, ஐசியின் அடியிலேயே ஒரு 100 நானோஃபாரட் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒருவேளை நீங்கள் ஒற்றை ஐசியான 5534-க்கு மாறினால் ஒன்றை மறக்காதீர்கள்: அது மூன்று மடங்குப் பெருக்கத்துக்குக் கீழே தானாக நிலையாக இருக்காது. இந்த சர்க்யூட்டில் மேல் ஃப்ரீக்வென்சியில் பெருக்கம் ஒன்றை நோக்கி இறங்குவதால், 5-க்கும் 8-க்கும் இடையே 22 பிக்கோஃபாரட் போட்டே ஆக வேண்டும்.

இனி ஹம். இதற்கு ஒரு சின்னக் கருவி செய்துகொள்ளுங்கள். இரண்டு ஆர்சிஏ பிளக் வாங்கி, ஒவ்வொன்றிலும் நடு முனையையும் வெளிவளையத்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்து சால்டர் பண்ணுங்கள். டர்ன்டேபிளைக் கழற்றிவிட்டு இவற்றை இன்புட்டில் சொருகி, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் வால்யூமில் கேளுங்கள். ஹம் போய்விட்டால் ப்ரீஆம்ப் நிரபராதி, கோளாறு டர்ன்டேபிளிலோ அதன் வயரிலோ இருக்கிறது. ஹம் அப்படியே இருந்தால் கோளாறு பெட்டிக்குள். பல மணி நேர அலைச்சலை இந்த ஒரு சோதனை மிச்சப்படுத்தும். வெறும் இன்புட்டைத் திறந்துவிட்டுக் கேட்டால் எதுவும் தெரியாது. திறந்த 47 கிலோ ஓம் இன்புட், நல்ல ப்ரீஆம்பிலும் ஹம் அடிக்கும்.

ஷார்ட் பிளக்கோடும் ஹம் வந்தால் இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளில் ஓட்டிப் பாருங்கள். 5532-க்கு ±9 போதும், ஐசி இழுப்பது 8 மில்லிஆம்பியர் அளவுதான். பேட்டரியில் நிசப்தமானால் குறை பவர் சப்ளையில். அப்போது ஹம்மின் குணத்தையும் கவனியுங்கள். மழுமழுப்பான கனத்த 'ம்ம்' என்றால் 50 ஹெர்ட்ஸ், அது ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் அல்லது எர்த் லூப் (எர்த் இரண்டு வழியில் இணைந்து வளையமாவது). சுரசுரப்பான 'ர்ர்ர்' என்றால் 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும், அது ரெக்டிஃபயர் சிற்றலை, பெரும்பாலும் சார்ஜிங் கரண்ட் தவறான எர்த் வயரில் ஓடுவதால் வருவது.

அந்தத் தவறான வயர் எது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் டாட் போர்டில் கட்டியவற்றில் நான் அதிகம் பார்த்தது இதுதான். ட்ரான்ஸ்ஃபார்மரின் நடு முனையான சென்டர் டேப் இரண்டு பெரிய ஃபில்டர் கண்டென்சர்கள் சேரும் இடத்துக்குப் போகிறது. அந்த வயரில் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் கரண்ட் ஒரு குத்தாகப் பாய்கிறது. வயருக்கு என்று சில மில்லிஓம் ரெசிஸ்டன்ஸ் இருப்பதால் அதன் இரு முனைக்கும் இடையே சிறு வோல்ட்டேஜ் உண்டாகிறது. அந்த வயரின் நடுவிலிருந்தோ டேப் பக்கத்திலிருந்தோ ஆடியோ எர்த்தை எடுத்தால் அந்தக் குத்துகள் முழுவதும் இசைக்குள் வரும். கண்டென்சர்கள் சேரும் புள்ளிக்கு அப்பால், ரெகுலேட்டரின் எர்த் காலிலிருந்து, போர்டுக்கு ஒரே ஒரு வயர் மட்டும் கொண்டுபோங்கள்.

போர்டுக்குள்ளும் இதே கவனம் வேண்டும். 47 கிலோவின் எர்த் முனையும், 100 ஓம்-220 மைக்ரோஃபாரட் கிளையின் எர்த் முனையும் ஒரே புள்ளியில், இன்புட் சாக்கெட்டின் எர்த்துக்கு அருகே சந்திக்க வேண்டும். ஐசி பார்ப்பது இந்த இரண்டு எர்த்களுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத்தான். டாட் போர்டின் ஒரு ஓரமாக நீண்ட எர்த் பட்டை ஓட்டி, 47 கிலோவை ஒரு கோடியிலும் மற்றதை மறு கோடியிலும் சால்டர் செய்து, நடுவில் சப்ளை எர்த்தை இணைத்தால், அந்த ஓர் அங்குலப் பட்டையில் விழும் மைக்ரோவோல்ட்களும் 700 மடங்கு பெருகும். உங்கள் போர்டைத் திருப்பிப் பாருங்கள், அப்படி ஒரு பட்டை இருந்தால் இன்றைக்கே வெட்டுங்கள். இரண்டு சேனலுக்கும் தனித்தனியாக இந்தச் சந்திப்பை அமைத்து, இரண்டு சந்திப்பையும் ஒரு இடத்தில் இணைத்துவிட்டால் போதும்.

இரும்புப் பெட்டியானால் ஆர்சிஏ சாக்கெட்டின் வளையம் பெட்டியைத் தொடாதபடி பிளாஸ்டிக் வாஷரோடு போடுங்கள். பெட்டியை சிக்னல் எர்த்தோடு ஒரே இடத்தில், இன்புட் சாக்கெட் பக்கம் இணைக்க வேண்டும். டர்ன்டேபிளிலிருந்து வரும் மெல்லிய எர்த் வயருக்கான திருகும் அங்கேயே. பெட்டிக்குள் மெயின்ஸ் வந்தால் மூன்று பின் பிளக்கின் பச்சை வயரைப் பெட்டியில் இறுக்கமாகத் திருகுங்கள். ஹம் குறைகிறது என்று அந்த எர்த்தைக் கழற்றச் சொல்பவர்கள் உண்டு. ஒருபோதும் செய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து. ஆம்ப்ளிஃபயரும் ப்ரீஆம்பும் இரண்டுமே எர்த் ஆகி லூப் உண்டானால், பெட்டியின் எர்த்தை அப்படியே விட்டுவிட்டு, சிக்னல் எர்த்தை மட்டும் 10 ஓம் ரெசிஸ்டர் வழியாகப் பெட்டியோடு சேருங்கள். அந்த ரெசிஸ்டருக்குப் பேரலலாக இரண்டு பவர் டையோடுகளை எதிரெதிராகப் போட வேண்டும்.

ட்ரான்ஸ்ஃபார்மரை ப்ரீஆம்ப் பெட்டிக்குள் வைப்பதையே நான் விரும்புவதில்லை. 15-0-15 ட்ரான்ஸ்ஃபார்மரும் டையோடுகளும் ரெகுலேட்டர்களும் ஒரு சின்னப் பெட்டியில் அரை மீட்டர் தள்ளி இருக்கட்டும், டிசி மட்டும் மூன்று வயரில் வரட்டும். பாதிப் பிரச்சினைகள் தொடங்குவதற்கு முன்பே தீர்ந்துவிடும். ஒரே பெட்டிதான் என்றால், திருகுவதற்கு முன் ட்ரான்ஸ்ஃபார்மரைக் காப்பிட்ட மேல்பாகத்தில் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், மெயின்ஸ் முனைகளை முதலில் ஸ்லீவ் போட்டு மூடிவிட்டு. ஸ்பீக்கரில் ஹம் ஏறி இறங்குவது தெளிவாகக் கேட்கும். ஒரு கோணத்தில் சட்டென்று அமுங்கும், அந்தக் கோணத்தில் திருகிவிடுங்கள்.

ஷார்ட் பிளக்கில் நிசப்தம், டர்ன்டேபிள் சொருகினால் ஹம் என்றால் கதை வேறு. டோன்ஆர்மை விரலால் தொடுங்கள். ஹம் மாறினால் ஆர்மின் எர்த் வயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஹம் என்றால் அந்தப் பக்கத்து ஷீல்டு அறுந்திருக்கிறது, அல்லது கார்ட்ரிட்ஜை மாட்டும் ஹெட்ஷெல்லில் நீலம் அல்லது பச்சை வயரின் கிளிப் தளர்ந்திருக்கிறது. வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். மோட்டர் ஓடும்போது ஆர்மைக் கையில் பிடித்து, தட்டின் மேல் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி நகர்த்துங்கள். நடுவே போகப் போக ஹம் ஏறினால் மோட்டரின் காந்தப்புலம் கார்ட்ரிட்ஜில் ஏறுகிறது. அதற்கு ப்ரீஆம்பில் மருந்தில்லை. ப்ரீஆம்ப் ஆம்ப்ளிஃபயரின் ட்ரான்ஸ்ஃபார்மர் மேல் உட்கார்ந்திருந்தால் அதையும் இடம் மாற்றிப் பாருங்கள்.

இரண்டாவது குறை, வலது பக்கம் சத்தம் குறைவு. ப்ரீஆம்ப் இன்புட்டில் சிவப்பு, வெள்ளை பிளக்குகளை இடம் மாற்றிச் சொருகுங்கள். குறைந்த சத்தம் இப்போது இடது ஸ்பீக்கருக்குப் போய்விட்டால் குறை ப்ரீஆம்புக்கு முன்னால்: கார்ட்ரிட்ஜ், ஹெட்ஷெல் கிளிப்பில் களிம்பு, அல்லது ஆர்ம் உள்நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டி-ஸ்கேட்டிங். வலதிலேயே நின்றுவிட்டால் ப்ரீஆம்பிலோ அதற்குப் பின்னாலோ. அப்போது அவுட்புட்டில் இதே மாதிரி மாற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். கார்ட்ரிட்ஜ்களுக்கே இரண்டு சேனலுக்கும் இடையே 1.5 முதல் 2 டெசிபெல் வரை வித்தியாசம் அனுமதி உண்டு, ஆகவே லேசான ஏற்றத்தாழ்வுக்குக் கவலைப்பட வேண்டாம். தெளிவாகக் குறைவு, அதுவும் ப்ரீஆம்பில்தான் என்றால், அந்தப் பக்கத்து 100 ஓம் உண்மையில் 100 ஓம்தானா என்று வண்ணப் பட்டையைப் பாருங்கள். பழுப்பு-கறுப்பு-பழுப்பு 100 ஓம். பழுப்பு-கறுப்பு-சிவப்பு போட்டால் 1 கிலோ ஓம், பெருக்கம் பத்தில் ஒன்றாகிவிடும். 220 மைக்ரோஃபாரட் சரியாக சால்டர் ஆகாமல் இருந்தால் பெருக்கமே ஒன்றுதான்.

மூன்றாவது, 'ச' காதில் குத்துவது. இங்கே மூன்று சந்தேக நபர்கள். முதலாவது ஊசியே. அழுக்கு ஊசியும் தவறான அலைன்மென்ட்டும் தட்டின் கடைசிப் பாடல்களில் அதிகம் உறுத்தும், முதல் பாடலில் அவ்வளவு இருக்காது. ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே மாதிரி குத்தினால் மட்டும் எலக்ட்ரானிக்ஸைச் சந்தேகியுங்கள்.

இரண்டாவது, இன்புட் கெப்பாசிட்டன்ஸ். உங்கள் கார்ட்ரிட்ஜின் காயில் 550 மில்லிஹென்றி இண்டக்டன்ஸ் உள்ளது. அதோடு ஆர்ம் வயர், கேபிள், ப்ரீஆம்ப் எல்லாவற்றின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு ரெசனன்ஸை, அதாவது ஒரு குறிப்பிட்ட ஃப்ரீக்வென்சி தூக்கலாவதை, உண்டாக்கும். மொத்தம் 150 பிக்கோஃபாரட் என்றால் ரெசனன்ஸ் 17.5 கிலோஹெர்ட்ஸில், கேட்கும் எல்லையின் ஓரத்தில். 300 ஆனால் 12.4 கிலோஹெர்ட்ஸ். 500 ஆனால் 9.6 கிலோஹெர்ட்ஸ், அதாவது சீறல் ஒலிகளின் நடுவீட்டில். தயாரிப்பாளர் இந்தக் கார்ட்ரிட்ஜுக்குச் சொல்வது 100 முதல் 200 பிக்கோஃபாரட். சாதாரண ஆர்சிஏ கேபிளே மீட்டருக்கு 100 பிக்கோஃபாரடும் அதற்கு மேலும் இருக்கும். உங்கள் சர்க்யூட் படத்தில் இன்புட்டில் 220 பிக்கோஃபாரட் போடச் சொல்லியிருந்தால், கேபிளோடு சேர்த்து எல்லை தாண்டிவிட்டது. அதைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். ரேடியோ ஸ்டேஷனோ மொபைலின் 'டட்-டட்' சத்தமோ உள்ளே வந்தால் மட்டும் 47 பிக்கோஃபாரட் வையுங்கள். ஆர்டோஃபான் 2எம் ரெட் போன்ற சில கார்ட்ரிட்ஜ்கள் 150 முதல் 300 வரை கேட்கும், ஆகவே இந்த எண் எல்லோருக்கும் பொதுவானது அல்ல.

மூன்றாவது சந்தேகத்தைத்தான் நான் பலமாக நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய பொருள் பட்டியலில் '103' என்று ஒரு செராமிக் கண்டென்சர் இருக்கிறது. 10 நானோஃபாரட் என்று கடையில் கேட்டால் பெரும்பாலும் இந்தத் தட்டையான பழுப்பு வட்டைத்தான் எடுத்துத் தருவார்கள். சப்ளை டீகப்ளிங்குக்கு, அதாவது ஐசி அருகே சப்ளையை அமைதியாக வைக்க, அது நல்ல பொருள், ஆர்ஐஏஏ வளைவுக்கு அல்ல. பிளஸ் மைனஸ் 20 சதவீதமும், சில வகைகளில் பிளஸ் 80 மைனஸ் 20 சதவீதமும் சகிப்பு உள்ளவை அவை. 10 நானோ என்று போட்டது உண்மையில் 8 ஆக இருந்தால் 75 மைக்ரோசெகண்ட் 60 ஆகிவிடும். ட்ரெபிள் குறைய வேண்டிய இடத்தில் குறையாமல் 2 டெசிபெலை நெருங்கி மேலே நிற்கும். போதாததற்கு அதன் மதிப்பு வெப்பத்தோடும் வோல்ட்டேஜோடும் மாறும். ப்ரீஆம்பை ஓடவிட்டு, ஒரு பென்சிலின் பின்பக்கத்தால் அந்த வட்டை லேசாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் 'டிக்' என்று கேட்டால் அது மைக்ரோஃபோன் வேலையும் பார்க்கிறது என்று அர்த்தம்.

அந்த இடத்தில் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஸ்டைரீன் வேண்டும், 1 சதவீதம் கிடைத்தால் நல்லது. சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூரு எஸ்பி ரோட்டிலோ 1 சதவீதம் கேட்டால் எல்லாக் கடையிலும் கிடைக்காது, 5 சதவீதம் கிடைக்கும். பத்துப் பதினைந்து வாங்கிக்கொண்டு கண்டென்சர் மதிப்பைக் காட்டும் எல்சிஆர் மீட்டரில் அளந்து, இரண்டு சேனலுக்கும் ஒத்த ஜோடிகளைப் பொறுக்குங்கள். குறியைவிட இரண்டு சதவீதம் தள்ளி இருந்தாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவு தள்ளியிருப்பது முக்கியம். பக்கத்துக்குப் பக்கம் வேறுபட்டால் பாடுபவரின் குரல் நடுவில் நிற்காது. மெட்டல் ஃபிலிம் 1 சதவீத ரெசிஸ்டர்கள் எங்கும் மலிவாகக் கிடைக்கும், அதில் சமரசம் தேவையே இல்லை.

எல்எம்4562 பற்றிச் சொன்ன கணக்குக்கு வருகிறேன். ஐசியின் இரைச்சலில் வோல்ட்டேஜ் இரைச்சல், கரண்ட் இரைச்சல் என்று இரண்டு உண்டு. விளம்பரங்களில் முதலாவது மட்டும் பெரிதாகப் பேசப்படும்: ரூட் ஹெர்ட்ஸுக்கு 5532 5 நானோவோல்ட், 4562 2.7 நானோவோல்ட். கரண்ட் இரைச்சல் 5532-இல் 0.7 பிக்கோஆம்பியர், 4562-இல் 1.6 பிக்கோஆம்பியர். இந்தக் கரண்ட் கார்ட்ரிட்ஜின் இம்பீடன்ஸ் வழியாக ஓடி வோல்ட்டேஜாக மாறும். உங்கள் காயில் 10 கிலோஹெர்ட்ஸில் 34 கிலோ ஓமுக்கு மேல், 47 கிலோவோடு பேரலலில் சுமார் 28 கிலோ ஓம். பெருக்கினால் 5532-க்கு 20 நானோவோல்ட் அளவு, 4562-க்கு 45 நானோவோல்ட் அளவு. இவற்றின் முன்னால் அந்த 5-க்கும் 2.7-க்கும் உள்ள வித்தியாசம் ஒன்றுமே இல்லை. ஷார்ட் பிளக் போட்டுக் கேட்டால் 4562 அமைதியாகத் தெரியும், கார்ட்ரிட்ஜ் சொருகியதும் தோற்கும். மாற்றித்தான் பார்க்க வேண்டும் என்றால் ஃபெட் இன்புட் உள்ள ஓபிஏ2134 போடுங்கள். அதன் கரண்ட் இரைச்சல் கணக்கிலேயே வராது, வோல்ட்டேஜ் இரைச்சல் 8 நானோவோல்ட். ஆனால் சந்தையில் போலி ஐசிகள் நிறைய ஓடுகின்றன, விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் எடுக்காதீர்கள்.

கண்டென்சரை மாற்றிய பிறகு அளந்து பார்த்துவிடலாம். லேப்டாப்பின் ஹெட்ஃபோன் அவுட்புட்டிலிருந்து 10 கிலோ ஓம், அதன் பிறகு 100 ஓம் எர்த்துக்கு, அந்தச் சந்திப்பிலிருந்து ப்ரீஆம்ப் இன்புட். இது சிக்னலை 101-இல் ஒரு பங்காகக் குறைக்கும். அரை வோல்ட் கொடுத்தால் 5 மில்லிவோல்ட் கிடைக்கும். 1 கிலோஹெர்ட்ஸில் அவுட்புட் அரை வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். அதை 0 என்று வைத்துக்கொண்டு, 100 ஹெர்ட்ஸில் 13.1 டெசிபெல் மேலே, 500 ஹெர்ட்ஸில் 2.6 மேலே, 2 கிலோஹெர்ட்ஸில் 2.6 கீழே, 5 கிலோஹெர்ட்ஸில் 8.2 கீழே, 10 கிலோஹெர்ட்ஸில் 13.7 கீழே இருக்க வேண்டும். அரை டெசிபெலுக்குள் வந்தால் நன்றாகக் கட்டியிருக்கிறீர்கள். இந்த அளவீட்டை மலிவு மல்டிமீட்டரில் செய்யாதீர்கள். அவற்றின் ஏசி ரேஞ்ச் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் நம்பகமாக இருக்காது. அவுட்புட்டை ஒரு சவுண்ட் கார்டின் லைன்-இன்னில் கொடுத்து ரெக்கார்ட் செய்து, மென்பொருளில் அளவைப் படியுங்கள். 50 ஹெர்ட்ஸில் அவுட்புட் மூன்று வோல்ட்டைத் தாண்டும் என்பதால், லைன்-இன் நிரம்பி வழியாதபடி அங்கே இன்புட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

டர்ன்டேபிளின் பின்பக்கம் ஃபோனோ/லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். இப்போது வரும் பல மாடல்களுக்குள்ளேயே ஒரு ப்ரீஆம்ப் இருக்கும். சுவிட்ச் லைனில் இருந்தால் இரண்டு முறை ஆர்ஐஏஏ போட்டதாகிவிடும், ஒலி கும்மென்று உடைந்து வரும். உங்கள் குறை அந்த ரகம் இல்லை, ஆனாலும் ஒரு நொடி வேலைதான்.

பழைய 78 சுழற்சி அரக்குத் தட்டுகளையும் இதில் ஓட்டலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆர்ஐஏஏ வளைவில் வெட்டப்பட்டவை அல்ல. ட்ரெபிளைக் கூட்டாமலோ குறைவாகக் கூட்டியோ வெட்டியவற்றை இந்த ப்ரீஆம்பில் ஓட்டினால் மந்தமாகக் கேட்கும். 10 நானோஃபாரடோடு சீரிஸில் ஒரு சுவிட்ச் வைத்து, 78-க்கு அதைத் திறந்துவிட்டால் ட்ரெபிள் வெட்டு நீங்கும், பாஸ் ஏறக்குறைய இருக்கும். சுவிட்சைத் திருப்பும்போது வால்யூமைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஊசியும் வேறு வேண்டும். எல்பி ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான், 78-க்கு 65 முதல் 75 மைக்ரான். எல்பி ஊசியைப் போட்டால் அது அகலப் பள்ளத்தின் அடியில் உருண்டு, குப்பையைத்தான் படிக்கும். விஎம்95 வரிசையில் 78-க்கென்றே தனி ஸ்டைலஸ் கிடைக்கிறது, உங்கள் கார்ட்ரிட்ஜ் உடலிலேயே மாட்டிக்கொள்ளலாம். அந்தக் காலத்துப் பெட்டி பிளேயரின் செராமிக் கார்ட்ரிட்ஜை மட்டும் இதில் சொருகாதீர்கள். அது நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தரும், அதற்கு ஆர்ஐஏஏ ப்ரீஆம்பே வேண்டாம், 1 மெகாஓம் அல்லது அதற்கு மேல் இன்புட் இம்பீடன்ஸ் உள்ள சாதாரண ஆம்ப் போதும்.

முதலில் ஷார்ட் பிளக், பிறகு போர்டின் எர்த் பட்டை, பிறகு அந்த 103. இந்த வரிசையில் போங்கள். முடித்ததும் 1-ஆம், 7-ஆம் பின்களின் டிசி வோல்ட்டேஜையும், ஷார்ட் பிளக்கோடு ஹம் இருந்ததா இல்லையா என்பதையும், போர்டின் அடிப்பக்கப் படத்தையும் அனுப்புங்கள். அதற்கு மேலும் ஏதாவது மிச்சமிருந்தால் சேர்ந்து பார்த்துவிடலாம்.